மாடுகளை மறித்து நின்ற ஒன்றரை மணித்தியாலம்

போன ஞாயிற்றுக்கிழமை ரொறொன்ரோவில், மில்லிக்கன் பக்கம் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்தார்.

"அக்கா, முகம் என்ன இப்பிடிக் கறுத்துப்போச்சு? ஊருக்குப் போய் வந்தனீங்களோ?"

இந்தப் பத்தியைக் கிழமைதோறும் வாசிக்கிறவராம். ஊருக்கு இல்லை, கனடாவின் மேற்கே அல்பேர்ட்டாவுக்கு, சைக்கிள் ஓடப் போனோம் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தார். கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடைக்குள் வைத்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஏனக்கா, கார் கிடைக்கேல்லையோ?"

நியாயமான கேள்வி. கடையில் நின்று பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் சனிக்கிழமைக் குழு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வோபர்னில் ஒரு பிளாஸாவின் கார் நிறுத்துமிடத்தில் காலை ஆறரைக்குக் கூடுகிற பதினான்கு பேர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முழங்காலைப் பற்றிக் கதைத்துக்கொண்டே சைக்கிள் ஓடுகிறவர்கள். தலைவன் மட்டும் இளையவன் - நிரோஷன், முப்பத்துநாலு வயது, இங்கே பிறந்து வளர்ந்தவன். எங்களை அன்ரி, அங்கிள் என்று பணிவாக அழைத்தபடியே ஈவிரக்கமில்லாமல் மேடு ஏற்றுவான்.

அவன்தான் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தான். கால்கரிவரை விமானம். அங்கிருந்து ஆறு நாள், தெற்கே மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவால் சைக்கிள். பைகளைக் காவவும், ஏலாமல் போனவர்களை ஏற்றவும் பின்னால் ஒரு வான்.

இதில் என் கணவர் குகனும் வருவதாகப் பெயர் கொடுத்தார். என்னைக் கேட்காமல்!

ஏன் கேட்கவேண்டும் என்கிறீர்களா? சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் காலையில், தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சை ஏதோ அமத்துகிறது என்றார். அன்று மத்தியானமே இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வேலையை விட்டார். ஆறு மாதத்தில் டொக்டர், இனி நீங்கள் எல்லாம் செய்யலாம், சைக்கிள் ஓடுங்கள், நல்லது என்று சொல்லிவிட்டார்.

டொக்டர் சொன்னார். நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பாரமான எதையும் அவர் தூக்கக்கூடாது. ஏணியில் ஏறக்கூடாது. பனி வழிக்க ஆள் வைத்தாயிற்று. மகள் புது வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது நாங்கள் எல்லோரும் பெட்டி தூக்க, இவர் ஒரு கதிரையில் இருத்தப்பட்டார். கையில் ஒரு ஜூஸ். "இதிலை இருங்கோ, அப்பா" என்று மகள் சொன்னாள். அவரும் இருந்தார். நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன்... பாருங்கள் என் புத்தியை.

பயணத்தின் முதல் மூன்று நாளும் நான் அவருக்குப் பின்னால்தான் ஓடினேன். பத்து மீற்றர் இடைவெளி. மேடு வந்தால் ஐந்து மீற்றர். எதிரே ரொக்கி மலைத்தொடர் வரிசையாக நிற்கிறது, பக்கத்தில் கடல் மாதிரிப் புல்வெளி அலையடிக்கிறது... நான் பார்த்ததெல்லாம் ஒரு ஆரஞ்சு நிற ஜக்கெற்றின் முதுகு. மூச்சு வாங்குகிறதா? தோள் குனிகிறதா? "தண்ணி குடியுங்கோ." "கியரைக் குறையுங்கோ." "இறங்கி உருட்டுவமோ?"

நாலாம் நாள் காலை, தங்கியிருந்த விடுதி வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். குகன் வந்து பக்கத்தில் நின்றார். கோபம் இல்லாத குரல்.

"இண்டைக்கு ஒருநாள் நீர் முன்னாலை போம்."

ஏன் என்று கேட்டேன். அவர் ஹெல்மெற்றின் வாரைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"நீர் பின்னாலை வரேக்கை எனக்கு அம்புலன்ஸ் பின்னாலை வாற மாதிரிக் கிடக்கு."

முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் இதைவிடக் கடுமையாகவெல்லாம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் இது உள்ளே போய்க் குத்தியது. சரி, போகிறேன் என்றேன். நிரோஷனிடம் மட்டும் ஒருக்காப் பார்த்துக்கொள் என்று காதோடு சொன்னேன். அவன், "அன்ரி, லிண்டா இஸ் பிஹைண்ட் எவ்ரிபடி, டோன்ட் வொரி" என்றான். லிண்டா எங்கள் வான் சாரதி. அந்தப் பகுதிக்காரி, முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கடைசி ஆளுக்கும் பின்னால்தான் வானைக் கொண்டுவருவார்.

அன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோமீற்றர். ஐம்பதாவது கிலோமீற்றரில், ஒரு சிற்றூர் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தோஷமாக ஓடினேன்.

காற்று முதுகுப் பக்கம். தெரு நேராகப் போய், இறங்கி, ஏறி, மறுபடி நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி வேலி, அதற்கு அப்பால் கறுத்த மாடுகள். நூறு, இருநூறு... எண்ண முடியவில்லை. நான் கடக்கும்போது எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. ஒரு கன்று வேலியோரமாக என்னோடு போட்டிக்கு ஓடிவந்தது. நான் மணியடித்தேன். அது பயந்து தாயிடம் ஓடியது. தனியாகச் சிரித்தேன். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன்? ஞாபகம் வரவில்லை.

மலைகள் மட்டும் கிட்டவே வரவில்லை. காலையில் எங்கே நின்றனவோ பதினொரு மணிக்கும் அங்கேயே நின்றன.

மண்டபத்துக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நிரோஷனின் அம்மா ரொறொன்ரோவிலிருந்து ஐஸ் பெட்டியில் கொடுத்துவிட்ட மட்டன் றோல்ஸைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். குகனுக்கு அது ஆகாது. அவர் வருவதற்குள் தின்று முடிக்கலாம் என்று ஒன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்று. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பன்னிரண்டேகால். பன்னிரண்டரை.

வான் வந்தது. லிண்டா இறங்கினார். வானில் வேறு யாரும் இல்லை.

நிரோஷன் தலைகளை எண்ணினான். மறுபடியும் எண்ணினான். பதின்மூன்று.

தெருவில் ஒருவரும் இல்லை, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன் என்றார் லிண்டா. அவர் முகம் மாறியது. போனை எடுத்தேன். அந்தப் பக்கம் சிக்னல் என்ற சாமானே கிடையாது.

தெருவில் இல்லையென்றால் எங்கே?

தெருவோரப் பள்ளங்களில் புல் இடுப்பளவு நிற்கும். வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தவள் நான். அதற்குள் ஒரு மனிதர் சைக்கிளோடு சரிந்தால், போகிற வானுக்குத் தெரியாது. இந்த எண்ணம் வந்ததும் வாயிலிருந்த றோல்ஸை வெளியே போய்த் துப்பினேன்.

என்ன செய்வதென்று உடனே முடிவெடுத்தார்கள். லிண்டாவும் நானும் வானில் திரும்பிப் போய்த் தேடுவது. மண்டபத்தில் கம்பி போன் இருந்தது. முக்கால் மணித்தியாலத்தில் நாங்கள் வராவிட்டால் நிரோஷன் அவசர உதவிக்கு அழைப்பது. அவன் என் கையைப் பிடித்து, "சொறி அன்ரி" என்றான்.

லிண்டா மெதுவாக ஓட்டினார். இடப்பக்கத்தை அவர் பார்த்தார், வலப்பக்கத்தை நான் பார்த்தேன். ஓரிடத்தில் புல்லுக்குள் ஆரஞ்சு நிறமாக ஏதோ கிடந்தது. நிப்பாட்டச் சொல்லி, நிற்கும் முன்பே குதித்து ஓடினேன். வைக்கோல் கட்டு மூடுகிற கிழிந்த பிளாஸ்டிக். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சில வினாடி அங்கேயே குந்தியிருந்தேன். லிண்டா வந்து தோளில் தொட்டுக் கூட்டிப்போனார்.

அப்போது எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? ஏன் முன்னால் போனேன்? ஒருநாள்... ஒரேயொரு நாள் விட்டேனே.

இன்னும் இரண்டு கிலோமீற்றர். வலப்பக்கமாகச் சரளைக்கல் போட்ட ஒரு கிரவல் பாதை பிரிகிற இடத்தில் லிண்டா பிரேக் போட்டார். வேலித் தூண் ஒன்றின் தலையில் ஒரு நீல ஹெல்மெற் கவிழ்ந்திருந்தது. குகனுடையது. நான் வாங்கிக் கொடுத்தது.

ஹெல்மெற் இருக்கிறது. தலை எங்கே?

பாதை ஒரு சின்ன மேட்டில் ஏறி மறுபுறம் இறங்கியது. ஓடினேன். சைக்கிள் சப்பாத்தோடு கிரவலில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். மேட்டின் உச்சிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

கீழே வேலியில் ஒரு பகுதி சரிந்து, மூன்று நாலு தூண்கள் புல்லில் படுத்துக் கிடந்தன. அந்த இடைவெளியில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு கைகளையும் அகல விரித்தபடி என் கணவர் நின்றார். எதிரே ஒரு ஐம்பது அறுபது மாடு. எல்லாம் அவரைப் பார்த்தபடி. அவர் அவற்றோடு கதைத்துக்கொண்டிருந்தார். தமிழில்.

"பொறுங்கோ பிள்ளையள், பொறுங்கோ. எனக்கும் விளங்குது. ஆனா இப்ப ஏலாது."

எனக்கு அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"என்ன செய்யிறியள் இஞ்சை?"

அவர் திரும்பவில்லை. "கத்தாதையும், உதுகள் வெருண்டிடும்" என்றார்.

கிட்டப் போனபிறகு, கண்ணை மாடுகளிலிருந்து எடுக்காமலே கதையைச் சொன்னார். பதினொன்றரை மணிபோல இந்தச் சந்தியில் மூன்று மாடுகள் நடுத்தெருவுக்கு வந்து நின்றனவாம். இவர் இறங்கி நிற்க, பண்ணைக்காரர் டேல் மேட்டு உச்சியில் நின்று கையசைத்துக் கூப்பிட்டிருக்கிறார். வானுக்கு அடையாளமாக ஹெல்மெற்றைத் தூணில் கவிழ்த்துவிட்டு இவர் போயிருக்கிறார்; முதல்தரம் வந்தபோது லிண்டாவின் கண்ணில் அது படவில்லை. எழுபது வயது மனிதர், தனி ஆள். அன்றைக்குப் பார்த்து உதவிக்கு ஒருவரும் இல்லை. இரண்டு பேருமாக அந்த மூன்றையும் உள்ளே துரத்தினார்களாம். தூணும் கம்பியும் வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டும். அதுவரை இந்த இடைவெளியில் நிற்க முடியுமா, இருபது நிமிடம்தான் என்றாராம் டேல். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் மாடுகளுக்கு அது என்ன மிருகம் என்று பயம், கதைத்துக்கொண்டே நில், மனிதன் என்று அவை தெரிந்துகொள்ளும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆங்கிலத்தில் கதைக்க இவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

இருபது நிமிடம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிவிட்டது.

"விட்டிட்டு வந்திருக்கலாமே" என்றேன்.

"விட்டால் ரோட்டுக்குப் போயிடும். பெரிய ட்ரக் எல்லாம் வாற ரோட்." பிறகு, மாடுகளுக்குச் சொல்வதுபோலவே எனக்கும் சொன்னார்.

"ரண்டு வருசமா என்னட்டை ஒருத்தரும் ஒரு வேலை சொல்லேல்லை. இந்த மனிசனுக்கு என்னைத் தெரியாது. நில்லுங்கோ எண்டார். நிண்டன்."



அந்த நேரம் முன்வரிசையில் நின்ற பெரிய மாடு ஒன்று இரண்டடி முன்னால் வந்தது. குகன் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீர் அந்தப் பக்கம் நில்லும். கையை விரியும்."

நான் நின்றேன். கையை விரித்தேன். அந்த மாடு என் முகத்துக்கு நேரே மூச்சு விட்டது. ஈரமான, புல் மணக்கிற, சூடான மூச்சு. இலையான்கள் காதுக்குள் புகுந்தன. நானும் ஏதோ கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய சோறு, மகளின் புது வீட்டு அடுப்பு, எல்லாம் வந்தது. மாடு பொறுமையாகக் கேட்டது.

லிண்டா மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். நிரோஷன் அவசர உதவியைக் கூப்பிட முன்பு சொல்லிவிட்டு வருகிறேன் என்று வானை எடுத்துக்கொண்டு போனார்.

டேல் வந்தபோது பிற்பகல் ஒரு மணி கடந்துவிட்டது. பழைய பிக்-அப், அதன் பின்னால் தூண்களும் கம்பிச் சுருளும். நடுவழியில் சில்லுக் காற்றுப் போய்விட்டதாம். நீ போயிருப்பாய் என்றுதான் நினைத்தேன் என்று குகனிடம் சொன்னார். குகன், நிற்கச் சொன்னீர்களே என்றார். அவ்வளவுதான். டேல் தொப்பியை ஒருதரம் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு கனமான தூணை எடுத்து இவரிடம் நீட்டினார்.

என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவருக்கு ஏலாது, இருதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது... ஆங்கில வசனம்கூடத் தயாராக இருந்தது. இரண்டு வருடமாகக் கடைகளிலும் கலியாண வீடுகளிலும் சொல்லிப் பழகிய வசனம். குகன் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. சும்மா பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தூணை நிமிர்த்திப் பிடிக்க டேல் அடித்தார். பிறகு கம்பியை இழுத்தார்கள். பிடி என்றார், பிடித்தார். விடு என்றார், விட்டார். அரை மணித்தியாலத்தில் வேலி எழுந்து நின்றது. மாடுகள் எங்களில் ஆர்வம் இழந்து, திரும்பிப் புல்லுத் தின்னத் தொடங்கின. டேல் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. வாகனத்தில் கொண்டுபோய் விடவா என்று கேட்டார். வேண்டாம், ஓடுகிறேன் என்றார் குகன்.

அதற்குள் லிண்டா திரும்பி வந்திருந்தார். என் சைக்கிள் மண்டபத்தில். எனவே நான் வானில் ஏறவேண்டும், குகன் தனியாகப் பதினொரு கிலோமீற்றர் ஓடவேண்டும். காற்றும் திசைமாறி எதிரே அடிக்கத் தொடங்கியிருந்தது.

லிண்டா என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னாலேயே மெதுவாகப் போகவா என்று கேட்டார்.

இல்லை, முந்திப் போவோம் என்றேன்.

சொன்னபிறகு எனக்கே ஆச்சரியம். வான் அவரைக் கடந்தது. ஒரே ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன கல்லா? அவர் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். சேற்றுக் கையால் வான் பக்கமாக, போங்கோ என்பதுபோல அசைத்தார்.

மண்டபத்தில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அது நீளமான ஐம்பது நிமிடம். வந்து சேர்ந்தார். முகமெல்லாம் தூசி, ஒரு கையில் முள்ளுக்கம்பி கீறிய கோடு. நிரோஷன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "அங்கிள், யூ ஆர் அ கௌபோய் நௌ" என்றான். இவருக்கு வெட்கம் வந்துவிட்டது. மீதமிருந்த றோல்ஸில் அரைவாசியை வெட்டிக் கொடுத்தேன். முழுதும் கொடுக்குமளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை.

மிச்ச நாற்பத்திரண்டு கிலோமீற்றரை இருவரும் ஒன்றாக ஓடினோம். சில இடத்தில் அவர் முன்னால், சில இடத்தில் நான். பெரும்பாலும் பேசவில்லை. எதிர்காற்றில் பேசினால் வாய்க்குள் பூச்சி போய்விடும். வெயில் சாயும் நேரம் புல்வெளி முழுக்கச் செம்பு நிறமாகியது. கடைசி ஆட்களாகத்தான் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டு மேசையில் குழு முழுவதும் இவரிடம் கதை கேட்டது. மாடுகளின் எண்ணிக்கை முதலில் அறுபது. சாப்பாடு முடியும்போது இருநூறு. நான் திருத்தவில்லை. கோப்பையில் பாதி சோறு இருக்கக் கதிரையிலேயே தூங்கிப்போனார்.

அடுத்தநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, முதுகு பிடித்துக்கொண்டது. நெஞ்சு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ரொறொன்ரோ வந்ததும் முதல் வேலையாக டொக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். வேலி கட்டினேன் என்றார் இவர்.

எனக்கும் ஒரு சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. போன கிழமை பரணிலிருந்து பெரிய பானையை எடுக்க வேண்டியிருந்தது. ஏணியை நானே இழுத்தேன்; பிறகு நிப்பாட்டி, "இஞ்சருங்கோ, இதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு வேகமாக அந்த மனிதர் குசினிக்குள் வந்ததை நான் பார்த்ததில்லை. ஏணியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காதையும் என்றார். பிடித்தேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது சோஃபாவில் மிகப் பத்திரமாக இருத்தப்பட்டிருக்கிறாரா? இன்றைக்கே ஒரு வேலை சொல்லிப் பாருங்கள்.

முதலில் ஏசுவார். பிறகு எழும்புவார்.